பச்சையை விட்டு நகர்ந்த சக்கரம்

கேமராவின் தலையில் இருக்கிற அந்தச் சின்னச் சக்கரம் பச்சைக்கு நேராக நின்றவரைக்கும் வெள்ளளத்தில் முன்னால் நின்றவனும் பின்னால் நின்றவனும் ஒரே மாதிரிதான் தெரிந்தோம். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. சக்கரம் நகர்ந்த பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். நடுவில் ஏன், எப்படி என்று யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவேன்.

வெள்ளளம் உப்பளத்து ஊர். கடல் முடிகிற இடத்தில் பாத்தி, பாத்தி முடிகிற இடத்தில் உப்புக் குவியல், குவியல் முடிகிற இடத்தில் நாங்கள், எங்களுக்குப் பின்னால் தார்ரோடு. பகல் என்றால் கண்ணைத் திறக்க முடியாத பகல். மேலே இருந்து ஒரு வெயிலும் கீழே உப்பிலிருந்து ஒரு வெயிலும் அடித்து, எங்கள் ஊர்க்காரன் எந்த ஊருக்குப் போனாலும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டே நிற்பதை வைத்து அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் அடுத்த வீட்டுச் சேர்மராஜ் போட்டோ எடுக்கிறவன். சக்கரத்தைப் பச்சையில் வைத்து அமுக்குவான். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம், எல்லாம் கேமராவே பார்த்துக்கொள்ளும். அவன் கண்ணை மூடிக்கொண்டுகூட அமுக்கலாம். சில கல்யாண ஆல்பங்களைப் பார்த்தால் அப்படித்தான் அமுக்கியிருக்கிறான் என்று தோன்றும். ஒரே தொல்லை, உப்பு. அந்த வெள்ளையைக் கண்டதும் கேமரா மிரண்டு போய், இவ்வளவு வெளிச்சம் ஆகாது என்று தானாகவே குறைத்துக்கொள்ளும். உப்பு சாம்பலாக விழும். மனிதர்கள் அடுப்புக்கரியாக விழுவார்கள். வேறு ஊர்க் கேமராவுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது.

பஞ்சாயத்துத் தலைவரும் அளத்து முதலாளியுமான தவசிக்கனி தன் மகனுக்குப் பெண் எடுத்தார். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே போய்ப் படம் எடுத்துக்கொள்கிற வழக்கம் எங்கள் ஊருக்கும் வந்திருந்தது, அவுட்டோர் என்பார்கள். ஊரெல்லாம் அவுட்டோருக்கு எங்கள் அளத்துக்கு வரும்போது அளத்துக்காரர் வேறெங்கே போவார்? வரப்பில் சிவப்புத் துணி விரித்து இரண்டு பேரையும் நிறுத்தினார்.

"ஏல சேர்மா, எம் மருமவளைக் கரிக்கட்டையா எடுத்தேன்னு வையி, உன்னைய உப்புக்குள்ள பொதைச்சிருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

சேர்மா அதற்காகவே ஒரு புது லென்ஸ் வாங்கியிருந்தான், வாய் அகன்ற லென்ஸ். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சக்கரத்தைப் பச்சையிலிருந்து நகர்த்தி எம் என்ற எழுத்தில் வைத்தான். அங்கே கேமரா ஒன்றும் பார்த்துக்கொள்ளாது. எல்லாம் இவன் தலையில். லென்ஸின் வாயை முழுசாகத் திறந்து, பெண்ணின் கண்ணிமையைக் குறிவைத்து அமுக்கினான். அந்த ஜோடிக்குப் பின்னால், வழக்கம்போல, உப்பு வாருகிறவர்கள் வாரிக்கொண்டும் சுமக்கிறவர்கள் சுமந்துகொண்டும் இருந்தார்கள். சேர்மாவின் பெண்டாட்டி புஷ்பகனியும் தலையில் பெட்டியோடு அதில் ஒருத்தி. அவளுடைய கைப்பிள்ளை கேமராவுக்குப் பின்னால் உடைமரத்தில் கட்டின தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

டக்.

படம் நன்றாக வந்தது. பெண்ணின் இமைமயிர் ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கிற மாதிரி இருந்தது. அவளுக்குப் பின்னால் இருந்ததெல்லாம், கண்ணில் தண்ணீர் நிற்கும்போது தெரிகிற விளக்கு மாதிரி, கரை உடைந்து கலங்கிப் போயிருந்தது. சேர்மா தலையை நிமிர்த்திப் பார்த்தான். படத்தில் இருந்த மாதிரியேதான் வெளியிலும் இருந்தது.

"அண்ணாச்சி, பின்னாடி எல்லாம் கலங்கிப்போச்சு."

"கலங்கட்டும்ல. அதுதான் படத்துக்கு அழகு."

வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

"ஏட்டி, உம் மூஞ்சி எங்க?"

"உனக்கு எங்க போச்சோ அங்கதான் போயிருக்கும். பெட்டியத் தூக்கு."

வலி கிடையாது. காய்ச்சல் கிடையாது. குரல் அப்படியே இருந்தது, கைகால் அப்படியே வேலை செய்தது, பசி அப்படியே எடுத்தது. ஓரம் மட்டும்தான் இல்லை. ஆள் எங்கே முடிகிறாள், காற்று எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அன்றைக்கு மீதி உப்பையும் வாரிக் குவித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். மழைக்கு முன்னால் உப்பு ஏற வேண்டும். மூஞ்சிக்காக அது காத்திருக்காது.

ஊர் இதைப் பழகிக்கொண்டது. ஊர் எதைத்தான் பழகாது. கலங்கினவங்க என்று ஒரு பேர் வைத்தோம்; பேர் வைத்ததும் பாதி பயம் போய்விட்டது. கலங்கின குவியலின் உப்பைக் குழம்பில் போட்டால் உப்புப் போட்டோமா இல்லையா என்று நாக்கால் தீர்மானிக்க முடியாது, அதனால் அதைத் தனி மூட்டையாகக் கட்டி வெளியூருக்கு அனுப்பினார்கள். ரேஷன் கடை மிஷினில் கலங்கினவர்களின் விரல் விழவில்லை. வாயில் ஊதி, தலையில் துடைத்து, மறுபடி அழுத்தி, கடைசியில் தெளிந்த சொந்தக்காரர் யாரையாவது கூட்டி வந்தார்கள். புருஷன்மார்கள் குரலை வைத்துப் பெண்டாட்டியைக் கண்டுபிடித்தார்கள். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த வீடுகளில் கொஞ்சம் குழப்பம் நடந்தது. அதை நான் எழுதப் போவதில்லை.

தவசிக்கனிக்கு மட்டும் இதில் ஒரு வழி தெரிந்தது. மனு கொடுக்க வந்தவர்களைப் பின்னால் நிறுத்தி, தான் முன்னால் நின்று, சேர்மாவைக் கூப்பிட்டு ஒரு படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் மனு கொடுத்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும்தான் தெரியவில்லை, பாவம். குடிதண்ணீர்க் குழாய்க்காக ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்கு முன்னாலும் போய் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். எடுக்க மாட்டேன் என்று சேர்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "உன் வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு கலங்கிக் கெடக்கு. பிள்ளையாவது தெளிவா இருக்கட்டுமே" என்றார். சிரித்துக்கொண்டேதான்.

அதற்குப் பிறகு வெள்ளளத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் நிற்கிற பழக்கம் அற்றுப்போனது. கேமரா எப்போது எங்கிருந்து பார்க்கும் என்று யார் கண்டது? ரேஷன் கடை வரிசை பக்கவாட்டில் நீண்டு ரோட்டைக் கடந்து புளியமரம் வரைக்கும் போனது. கோயிலில் சாமிக்கு முன்னால் எல்லாரும் தோளோடு தோள் இடித்து ஒரே கோட்டில் நின்றார்கள்; பூசாரி திருநீறு கொடுக்க ஓட வேண்டியதாயிற்று. பிணம் தூக்கும்போதுகூட நாலு பேரும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும் என்று சண்டை நடந்து, பாடை கொஞ்ச நேரம் தரையில் கிடந்தது.

புஷ்பகனி பிள்ளையை வளர்த்தாள். தன்ஷிகா என்று பேர். எனக்கு வாயில் நுழையாது, குட்டி என்பேன். குட்டிக்குத் தாய் என்றால் அந்தக் கலங்கல்தான். உருவம் இல்லாத ஒன்று வந்து தூக்கும், பால் கொடுக்கும், முத்தம் கொடுக்கும். குட்டியும் அந்தக் கலங்கலின் நடுவில் கையை விட்டுச் சிரிக்கும். சேர்மா தன் பெண்டாட்டியை மட்டும் தனியாக நிறுத்தித் தெளிவாக எடுத்துவிட எத்தனையோ முறை பார்த்தான். லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்; பிடிக்க ஓர் ஓரம் இருந்தால்தானே பிடிக்கலாம். கலங்கினதை எங்கே போய்ப் பிடிப்பது? அவள் கால் வலிக்க நிற்பாள். பிறகு உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விடுவாள்.

குட்டி நடக்கத் தொடங்கி அங்கன்வாடிக்குப் போனது. அங்கே போய்த்தான் விஷயம் முற்றியது. ஒருநாள் புஷ்பகனி பிள்ளையைக் கூப்பிடப் போனால், பிள்ளை இல்லை.

"இப்பத்தானம்மா கூட்டிட்டுப் போனே" என்றாள் டீச்சர்.

"நானா?"

"நீதானே வந்தே. பிள்ளையும் கையப் புடிச்சிக்கிட்டு வந்துச்சே."

ஊரே தேடியது. கலங்கினவர்களில் ஆத்தியம்மாள் என்று ஒருத்தி, பிள்ளையில்லாதவள். அவள் வீட்டில், அவள் மடியில், குட்டி பொரி தின்றுகொண்டிருந்தது. புஷ்பகனி வாசலில் நின்று கூப்பிட்டாள். குட்டி இந்தக் கலங்கலைப் பார்த்தது, அந்தக் கலங்கலைப் பார்த்தது, மறுபடி பொரியில் கையை விட்டது.

"என் பிள்ளையக் குடு மயினி."

"யாரு பிள்ளைன்னு எதை வச்சுச் சொல்லுதே?" என்றாள் ஆத்தியம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். "எம் மூஞ்சியும் அதுக்குத் தெரியாது. உம் மூஞ்சியும் தெரியாது. எங்கிட்டயும் சிரிக்குது. பெறவு என்ன?"

சேர்மா போய்த்தான் பிள்ளையைத் தூக்கி வந்தான். அன்றைக்குப் புஷ்பகனி சோறு பொங்கவில்லை. என் வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள், அதாவது சுவரோரம் கலங்கலாக இருந்தது.

"பெரியப்பா, என் மூஞ்சி என் பிள்ளைக்குத் தெரியணும். அது போதும். நாளைக்கு எவ கூப்பிட்டாலும் போயிரும் பெரியப்பா."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

சேர்மா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். லென்ஸின் வாயைத் திறந்ததால் வந்த வினை. அதை ஊசித்துளையாக மூடிவிட்டால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் எல்லாம் தெளிவாக விழும். தெளிந்தவர்கள் முன்னாலும் பின்னாலும் நின்றால், நடுவில் நிற்கிற கலங்கினவர்களையும் அதே தெளிவு பிடித்துக்கொள்ளும். அதற்கு ஊர் முழுக்க வந்து நிற்க வேண்டும். ஆனால் ஊசித்துளை வழியாக வெளிச்சம் மெதுவாகத்தான் வரும். கலங்கினவர்களிடமிருந்து இன்னும் மெதுவாக வரும். பொத்தானில் விரலை வைத்தபடி, போதும் என்கிறவரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதுவரைக்கும் ஒருத்தர் அசையக் கூடாது.

தவசிக்கனி சம்மதிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் எலெக்சன் வந்துகொண்டிருந்தது. கலங்கினவர்களை ஓட்டுப் போட விட மாட்டோம், அட்டையில் இருக்கிற மூஞ்சி ஆளிடம் இல்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார். கலங்கினதில் முக்கால்வாசி இவருடைய ஓட்டு. உடனே கூட்டம் போட்டார்.

"அசைஞ்சா என்னல ஆகும்?"

"ஆள் கோடா இழுத்துரும் அண்ணாச்சி. நின்ன எடத்துல இருந்து போன எடம் வரைக்கும்."

"நீ பாதியில விரலை எடுத்தா?"

"அவ்வளவு பேரும் இருட்டா விழுவீய."

"எடுக்க மாட்டேல்லா?"

"மாட்டேன்."

அந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் மட்டும் ஒருமனதாக நிறைவேறியது: நான் நிற்கக் கூடாது. ஆயுசு முழுக்க உப்பு லாரி ஓட்டின கால். ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் நிற்காது, கிளட்சைத் தேடும். குட்டியும் நிற்காது. "நிக்காத ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்" என்று குட்டியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஐப்பசி பிறந்திருந்தது. மேகம் கிழக்கே கடல்மேல் மட்டும் படுத்திருந்த ஒருநாள், சூரியன் உச்சிக்கு வந்ததும் ஊர் அளத்தில் கூடியது. முன்னால் நாற்காலி போட்டுத் தவசிக்கனி, பக்கத்தில் மகன், மருமகள். பின்னால் கலங்கினவர்கள், வரிசை வரிசையாக, கண்ணீர் நின்ற கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. அதற்கும் பின்னால் மீண்டும் தெளிந்தவர்கள், டீச்சர், பூசாரி, டீக்கடைக்காரர். அதற்கும் பின்னால் உப்புக் குவியல், பம்பு ரூம், வீடுகள், கோயில். வெகுநாளைக்குப் பிறகு வெள்ளளத்துக்காரர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் நின்றார்கள். கேமரா ஸ்டாண்டில் நின்றது. அதற்குப் பின்னால் உடைமரத்தடியில் நான், என் தோளில் குட்டி.

"இருமணும்னா இப்பவே இருமிக்கோங்க" என்றான் சேர்மா. ஊர் இருமியது. பிறகு அடங்கியது.

டக்.

இப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. ஈ பறப்பது கேட்டது. உப்பு காய்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, தட்டில் ஊற்றின உப்புத்தண்ணீரில் படிகம் கட்டுகிற மாதிரி, கலங்கின இடங்களில் ஓரம் கட்டத் தொடங்கியது. ஒரு காது வந்தது. ஒரு வளையல் வந்தது. யாருடைய கழுத்திலோ மஞ்சள் கயிறு வந்தது. யாரும் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. பக்கத்தில் நிற்கிறவள் திரும்பி வந்துகொண்டிருப்பது தெரிந்தும் திருப்பவில்லை. புஷ்பகனியின் இடத்தில் ஒரு நெற்றி வந்தது, மூக்கு வந்தது, இடது கன்னத்து மச்சம் வந்தது. மறந்தே போயிருந்தேன் அந்த மச்சத்தை.

அப்போது மேகம் எழுந்தது. ஒரு துண்டுதான். நேராக வந்து சூரியன் மேல் உட்கார்ந்துகொண்டது.

சேர்மா மேலே பார்த்தான். விரலை எடுக்கவில்லை. வெளிச்சம் இன்னும் போதவில்லை, அவனுக்குத் தெரியும். மேகம் போகட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றான், ஊரும் நின்றது, தவசிக்கனியின் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மீசையில் நின்றது, அவர் சிரிப்பை எந்த இடத்தில் வைத்தாரோ அந்த இடத்திலேயே வைத்திருந்தார், மேகம் நகரவில்லை.

குட்டி அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தன் கலங்கலைத் தேடியது. கலங்கல் நின்ற இடத்தில் கலங்கல் இல்லை. யாரோ ஒரு பெண், மூக்கும் மச்சமுமாக, கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குட்டி வீறிட்டது. "அம்மா! அம்மா எங்க? அம்மா!"

புஷ்பகனியின் முகம் அசையவில்லை. தோள் அசையவில்லை. வலது கால் மட்டும், அவளைக் கேட்காமல், உப்பிலிருந்து எழும்பியது.

சேர்மா அதைப் பார்த்தான். இன்னும் ஓர் அடி வைத்தால் அவள் நின்ற இடத்திலிருந்து பிள்ளை வரைக்கும் நீளமாய் ஒரு சேலைக் கோடு. மேகத்தைப் பார்த்தான். ஊரைப் பார்த்தான்.

விரலை எடுத்தான்.

டக்.

அதோடு எங்கள் ஊரில் பகல் முடிந்தது. சூரியன் பிறகு வெளியே வந்தது, இப்போதும் வருகிறது, மேலே நிற்கிறது, வெளிச்சம் மட்டும் கீழே இறங்குவதில்லை. அந்தப் படத்துக்குள் எது எது இருந்ததோ அத்தனையும் இருட்டாக விழுந்துவிட்டது. உப்பு சாம்பலானது. விளக்கு ஏற்றினால் சுடர் தெரியும், சுற்றி ஒன்றும் தெரியாது. ஆள் வருவது நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. ஒன்று சொல்ல வேண்டும், எல்லாரும் தெளிந்திருந்தார்கள். ரேஷன் மிஷினில் எல்லார் விரலும் விழுந்தது. புஷ்பகனியின் வலது பாதம் மட்டும்தான் கலங்கல். மீதி முழுசும் ஓரம் கூர்மையாக இருந்தது, இருட்டில்.

"தொட்டுப் பாத்தேன் பெரியப்பா. மூக்கு இருக்கு. மச்சம் இருக்கு. எல்லாம் இருக்கு" என்றாள். குரல் வந்த பக்கம் பார்த்துத் தலையாட்டினேன்.

படத்துக்கு வெளியே இருந்தவர்கள் மூன்று பேர். சேர்மா, நான், குட்டி. நாங்கள் மட்டும் அந்த இருட்டிலும் வழக்கமான பகல்போல் தெரிந்தோம். எங்கள் வெளிச்சம் எங்களோடு சரி. பக்கத்தில் வைத்த தட்டுக்குக்கூட அது வராது. குட்டியைத் தூக்கினால் தாய்க்குக் குட்டி தெரியும். குட்டிக்குத் தாய் தெரியாது.

இதையும் ஊர் பழகிக்கொண்டது. பாத்தியைக் காலால் தடவி நடந்தார்கள். பேரைச் சொல்லிக்கொண்டே தெருவில் போனார்கள். தார்ரோட்டில் பஸ்ஸுக்குக் கைகாட்டுகிற ஆள் டிரைவருக்குத் தெரியாததால் பஸ் நிற்காமல் போனது. நான் போய்க் கைகாட்டினால் நிற்கும். ஆனால் ஒன்றை மட்டும் அவர்களால் பழக முடியவில்லை. பார்க்க ஒரு முகம் இல்லை. கட்டின பெண்டாட்டி முகம் இல்லை, பெற்ற பிள்ளை முகம் இல்லை, கண்ணாடியில் தன் முகம் இல்லை.

முதலில் என்னைப் பார்க்க வந்தார்கள். என் மூஞ்சியை யார் எவ்வளவு நேரம் பார்ப்பது? சேர்மாவைப் பார்க்க அவர்களுக்கு ஆத்திரம் வந்தது. பிறகு குட்டியைக் கேட்டார்கள்.

"கொஞ்ச நேரம் பிள்ளையக் குடு. சும்மா பாத்துட்டுத் தாரேன்."

புஷ்பகனி கொடுத்தாள். ஊரை இருட்டாக்கினவள் என்று பேச்சு இருக்கும்போது கொடுக்காமல் என்ன செய்வாள்? குட்டி வீடு வீடாகப் போனது. நடுவீட்டில் பலகை போட்டு உட்கார வைத்து, சுற்றி இருட்டில் அத்தனை பேரும் உட்கார்ந்து, பேசாமல் அதன் முகத்தையே பார்த்தார்கள். அது சிரித்தால் இருட்டு சிரித்தது. அழுதாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இருட்டு "அம்மாகிட்ட வா" என்று கையை நீட்டியது. கொஞ்ச நாளில் குட்டி யாரையும் அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. திருப்பிக் கொண்டுவந்து விடுவது மத்தியானம் சாயங்காலமானது, சாயங்காலம் மறுநாளானது. ஒரு தடவை எந்த வீட்டில் இருக்கிறது என்றே யாரும் சொல்லவில்லை. நான் கத்திக்கொண்டே தெருத் தெருவாகப் போனேன். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்து, ஒரு ஜன்னலுக்குள் அந்த முகம் மட்டும் தனியாகத் தெரிந்ததும் கதவை உதைத்துத் தூக்கி வந்தேன். யாரும் தடுக்கவில்லை. பின்னாலேயே வந்தார்கள். அது பிடிக்கவில்லை எனக்கு.

பிறகு தவசிக்கனி வந்தார். இருட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"உங்க வீட்டு அசைவுலதான் ஊரு இப்பிடி ஆச்சு. பிள்ளை இனி ஊருக்குப் பொதுவா இருக்கட்டும். எங்க வீட்டுல எடம் இருக்கு. யாரு வேணும்னாலும் வந்து பாத்துக்கலாம், முறை வச்சு."

"அது என் பிள்ளை அண்ணாச்சி" என்றாள் புஷ்பகனி.

"யாரு இல்லைன்னா? அதுகிட்டக் கேட்டுப் பாரு, உன்னையத் தெரியுமான்னு."

சிரிக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. நாளைக் காலையில் ஆள் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் மூன்று பேரும் ஊரை விட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்தோம். முதல் பஸ்ஸுக்கு நான் கைகாட்ட வேண்டியது. விடிந்தது, எங்கள் ஊரில் விடிகிற மாதிரி. புஷ்பகனி துணியைக் கட்டினாள். சேர்மா கேமராவைக் கழுத்தில் மாட்டினான். குட்டி நடுவீட்டில் உட்கார்ந்து தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு எதைப் பார்ப்பது?

"வாம்மா, போலாம்" என்றாள் புஷ்பகனி.

குட்டி அசையவில்லை. எல்லா வீட்டு இருட்டும் இதைத்தானே சொல்கிறது.

வெளியே காலடி கேட்டது. பேச்சு இல்லை. காலடி மட்டும், உப்பில் நடந்து பழகின காலடி, நிறைய.

"சேர்மா" என்றேன்.

அவன் அன்றைக்குப் பிறகு தொடாத சக்கரத்தைத் தொட்டான். எம்மிலிருந்து திருப்பி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, பச்சைக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். பச்சையில் கேமரா யாரையும் கேட்காது. இருட்டைப் பார்த்தால் தன் விளக்கைத் தானே எழுப்பிக்கொள்ளும். அதன் தலையில் இருந்த விளக்கு மூடி தானாகத் துள்ளி எழுந்தது. புஷ்பகனியின் குரல் இருந்த பக்கம் திருப்பி அமுக்கினான்.

வெள்ளையாக வெட்டியது.

மூக்கு. மச்சம். அழுது வீங்கின கண். தலை வாராத முகம். குட்டி அதைப் பார்த்தது. உடனே இருட்டானது. இருட்டில் குட்டியின் முகம் மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. அது வாயைத் திறந்துகொண்டு, பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தன்ஷி" என்றாள் தாய்.

"இன்னொண்ணு" என்றேன் நான். அவன் மறுபடி அமுக்கினான். வெட்டியது. அதே முகம், அதே இடத்தில், அதே குரலோடு. குட்டி எழுந்தது. கையை நீட்டி, தடுமாறாமல், நேராக அந்த இடத்துக்கு நடந்து போய் மச்சத்தின் மேல் விரலை வைத்தது.

"அம்மா."

புஷ்பகனியின் சத்தம் என்ன சத்தம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெளிச்சம் வெட்டினபோது அவர்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்திருந்தேன். ஊர் முழுக்க அங்கே நின்றது. முன்னால் தவசிக்கனி, பக்கத்தில் டீச்சர், ஆத்தியம்மாள், பூசாரி. ஒருவர் பின்னால் ஒருவர், வரிசை வரிசையாக, தெரு முடிகிறவரை, ஒவ்வொரு முகமும் துல்லியமாக. இருட்டில் திடீரென்று வெளிச்சம் அடித்தால் கேமராவுக்குக் கண் எப்படித் தெரியுமோ அப்படி, அத்தனை பேர் கண்ணும் சிவப்பாக இருந்தது. ஒருத்தரும் எங்களைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் குட்டியின் முகத்தில் இருந்தது.

"சேர்மா, பேட்டரி இருக்கா?"

"சிவப்புல நிக்கு பெரியப்பா."

அமுக்கினான். வெட்டியது. தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குட்டி சிரித்தது.

முதல் தடவை வெட்டினபோது ஊர்க்காரர்கள் தெருவில் நின்றார்கள். இரண்டாம் தடவை வாசற்படியில் நின்றார்கள். இப்போது வாசல் நிலைக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்.